மாறிடாதப்பா

ராமானுஜன் குடுமியை எடுத்தபோது அவருடைய அம்மா பக்கத்தில் இல்லை. 1914 மார்ச்சில் மெட்ராஸில் கப்பலேறுவதற்கு முன்பே அம்மாவையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிட்டார். அப்புறம்தான் முடிவெட்டு, கோட்டு, ஷூ எல்லாம். படிக்கப் போகிறவன் வீட்டுக் கண்ணில் படாமல் மாறுவது அன்றைக்கே இருந்தது.

கேம்பிரிட்ஜில் சைவத்தை மட்டும் விடவில்லை. டிரினிட்டி கல்லூரி அறையில் தானே சமைத்துக்கொண்டார். இதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அது அவருடைய சொந்த நம்பிக்கையும்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கல்லூரிகளில் ஆட்கள் பழகுவதே சாப்பாட்டுக் கூடத்தில்தான். கணக்கு பேச ஹார்டி இருந்தார்; சும்மா பேச அந்த மேஜை இல்லாமல் போனது. (அவருடைய நோய்க்கு இதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. அது என்ன நோய் என்பதிலேயே டாக்டர்கள் ஒத்துப்போகவில்லை.)

அம்பத்தூரில் எங்கள் தெருப் பையன் எம்.எஸ். படிக்க ஜெர்மனி போனான். வீட்டுப் பத்திரம் பேங்கில். "அங்க போய் மாறிடாதப்பா" என்று அம்மா சொல்லி அனுப்பினார். பாசம்தான். ஆனால் கல்விக் கடனுக்காவது தவணைக் கணக்கு உண்டு. இந்தக் கடன் எப்போது அடையும்? கூடப் படிப்பவர்களோடு மாட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு, போனில் "தயிர்சாதம்மா" என்பானாம், அவனே என்னிடம் சொன்னான். பொய்தான். முழுப் பழியையும் அவன் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. "என்ன சாப்ட்ட?" என்று இங்கிருந்து கேட்பதே, அவன் அப்படியே இருக்கிறான் என்று உறுதி வாங்கத்தான். உண்மையைச் சொல்ல அந்தக் கேள்வியில் இடமே இல்லை.

போன தீபாவளிக்கு அந்த அம்மா முறுக்கு கொண்டுவந்து கொடுத்தார். "மூணு வருஷம் ஆச்சு தம்பி, எம்புள்ள கொஞ்சம்கூட மாறலை" என்றார்.