முன்சென்ற காலடிகள்

வட அமெரிக்காவின் ஈரி ஏரி கடுங்குளிரில் உறையும்போது, நண்பர்கள் குழுவாகச் சென்று பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் போடுவர். 2009 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலக் கரையருகே அவ்வாறு சென்றவர்கள், பனிப்பரப்பில் இருந்த ஒரு பிளவின்மேல் மரப்பலகைகளைப் பாலமாக இட்டு அப்பால் சென்றனர். பின்னர் வெப்பமும் காற்றும் சேர, பனிப்பரப்பு கரையிலிருந்து பிரிந்து நகர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர், ஒருவர் உயிரிழந்தார்.

பலர் நடந்த பாதை என்பதாலேயே அது பாதுகாப்பானதாகிவிடுமா? ஆகாது. பனிக்கட்டி தாங்குவது அதன் கனத்தாலும் உறுதியாலுமே. நடப்போரின் எண்ணிக்கை அதற்குச் சுமையே தவிர பலம் அன்று. ஆயினும் கூட்டத்தில் மனிதன் தன் விவேகத்தை முன்செல்பவரிடம் ஒப்படைத்துவிடுகிறான். அவரோ தமக்கு முன்சென்றவரை நம்பியிருக்கிறார். இறுதியில், ஆராய்ந்தவர் எவருமிலர் என்றாகிறது.

அப்படியானால் நட்பில் நம்பிக்கை வேண்டாமா? வேண்டும். நண்பன் நம்மை நம்பிப் பின்வருகிறான் என்பதே நாம் ஆராய வேண்டியதற்குக் காரணம். 'திரும்பிவிடுவோம்' என்பவன் கேலிக்கு ஆளாகலாம். மகிழ்ச்சியைக் கெடுத்தவன் எனப்படலாம். அந்த அவப்பெயரை ஏற்கத் துணிவதே அன்பு. உடன் செல்வது எளிது. தக்க தருணத்தில் தடுத்து நிறுத்துவதே நட்பின் கடமை.