நாய்க்குட்டி வந்த வீட்டில் சாமி தங்குமா?

ஆன்மிகக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் எங்கள் துணிக்கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறோம். பிள்ளைகளின் பிடிவாதத்துக்கு இணங்கி இரண்டு மாதக் குட்டி ஒன்றை வாங்கி வந்தோம். வந்த நாளிலிருந்து இரவெல்லாம் அழுகை. எனக்குத் தூக்கமே இல்லை. விடியலில் குளித்து விளக்கேற்றும் வழக்கம் விட்டுப்போயிற்று. போன வெள்ளிக்கிழமை சாமி மேடைக்கு முன்னாலேயே சிறுநீர் கழித்துவிட்டது. விளக்குத் திரியைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. ‘நாய் உலாவுகிற வீட்டில் சாமி தங்காது’ என்கிறார் மாமியார். சில நேரம் குட்டியைப் பார்த்தாலே வெறுப்பு வருகிறது. ஏன் வாங்கினோம் என்று அழுதும் இருக்கிறேன். பிறகு ஒரு வாயில்லா ஜீவனை வெறுத்தேனே என்று மனம் குத்துகிறது. பூஜை தவறியது குற்றமா? இந்த வெறுப்பு பாவமா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?
வாசகி, மஸ்ஜித் இந்தியா

பதில்: தங்கச்சி, முதலில் ஓர் இரவு முழுவதும் தூங்குங்கள். அன்று குட்டியைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் கடிதத்தில் பாதி, தூக்கம் இல்லாத உடம்பு எழுதியது.

பூஜை தவறியது குற்றமில்லை. வீட்டில் பிரசவம், நோய், படுக்கையில் விழுந்த பெரியவர் என்று ஓர் உயிரின் பாரம் வந்து சேரும்போது நித்திய பூஜையைச் சுருக்கிக்கொள்வது நம் குடும்பங்களில் என்றும் உள்ள வழக்கம்தான். இந்தச் சில வாரங்களுக்கு ஒரு விளக்கு, ஒரு பூ, ஒரு நாமம் போதும். அதற்கும் முடியாத நாளில், நடந்துபோகும் தூரத்தில் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் மகாமாரியம்மன் இருக்கிறாள். கடைக்குச் சாமான் வாங்கப் போகிற வழியில் நின்று கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

இனி மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அவரை மறுத்துப் பேசாதீர்கள். அவர் சொல்வது மகாபாரதத்திலேயே இருக்கிறது, அதுவும் இந்திரன் வாயிலாக. மகாபிரஸ்தானிக பர்வத்தில் பாண்டவர்கள் அஸ்தினாபுரத்தை விட்டுக் கிளம்பும்போது ஒரு நாய் கூடவே வருகிறது. திரௌபதி விழுகிறாள், தம்பிகள் நால்வரும் விழுகிறார்கள். கடைசியில் தருமரும் நாயும்தான் மிச்சம். தேரோடு வந்த இந்திரன் நாயை விட்டுவிட்டு ஏறச் சொல்கிறான். நாய் வைத்திருப்பவனுக்குச் சொர்க்கத்தில் இடமில்லை, நாயின் பார்வை பட்ட வேள்வியின் பலனைக் குரோதவசர் என்னும் அரக்கர் கொண்டுபோய்விடுவார்கள் என்பது அவன் சொல்லும் காரணம்.

தருமரின் பதிலைக் கவனியுங்கள். நாய் சுத்தமான பிராணி என்று அவர் வாதாடவில்லை. ஆசாரம் பொய் என்றும் சொல்லவில்லை. அந்தப் பேச்சுக்கே போகாமல், அன்புவைத்துப் பின்தொடர்ந்து வந்த ஒன்றைக் கைவிட மாட்டேன் என்கிறார். சரணடைந்தவனை விரட்டுவது, பெண்ணைக் கொல்வது, அந்தணர் பொருளைத் திருடுவது, நண்பனுக்குத் துரோகம் செய்வது ஆகிய நான்கும் சேர்ந்த பாவத்துக்கு அது சமம் என்கிறார். அந்த நாய் தருமதேவதை என்று தெரியவருவது அதற்குப் பிறகுதான். தெரியாத நேரத்தில், வெறும் நாய் என்று நினைத்தே அவர் நின்றார். எனக்கு அந்த இடம்தான் முக்கியம்.

ஆகவே சுத்தமும் இரக்கமும் மோதிக்கொள்ள வேண்டியதில்லை, தங்கச்சி. சாமி அறைக்குள் குட்டி வரக்கூடாது என்று மாமியார் சொன்னால் அப்படியே செய்யுங்கள். வாசலில் குழந்தைகளுக்குப் போடுகிற தடுப்புக் கதவு ஒன்றைப் போட்டுவிடுங்கள். தனி அறை இல்லாமல் மேடை மட்டும் இருந்தால் விளக்கை உயரத்துக்கு மாற்றுங்கள். தரையில் எரிகிற விளக்கு குட்டிக்கும் ஆபத்து, வீட்டுக்கும் ஆபத்து. கற்பூரத்தை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். அதைத் தின்றால் நாய்க்கு விஷம். சிறுநீர் கழித்த இடத்தில் வெறும் மஞ்சள்நீர் தெளித்தால் போதாது. முதலில் வினிகர் கலந்த தண்ணீரால் நன்றாகத் துடைத்து வாடையைப் போக்குங்கள். வாடை இருந்தால் மறுபடியும் அங்கேயே வரும். பிறகு மஞ்சள்நீர் தெளித்து விளக்கேற்றுங்கள். தோஷம் எதுவும் இல்லை. நம் பழைய சிவன் கோயில்களில் ஈசானிய மூலையில் நாயோடு நிற்கிற பைரவர் காலடியில்தான் இரவு நடைசாத்திய பிறகு சாவியை வைக்கிறார்கள். இதை மாமியாரிடம் வாதமாக வைக்காதீர்கள், ஒரு நாள் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சன்னிதியைக் காட்டுங்கள்.

குட்டி ஏன் அழுகிறது? பிறந்ததிலிருந்து தாயின் சூட்டிலும் கூடப்பிறந்த குட்டிகளின் நடுவிலும் தூங்கியது இப்போது முதன்முறையாகத் தனியே படுக்கிறது. அடுப்படியிலோ குளியலறையிலோ அடைத்துப்போடாமல் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் பழைய துணி விரித்துப் படுக்கவையுங்கள். அழுதால் கையைத் தொங்கவிட்டுத் தொடுங்கள், அது போதும். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. அதனால் இரவில் ஓரிரு முறை எழுந்துதான் ஆக வேண்டும். நீங்களும் கணவரும் பிள்ளைகளும் முறைபோட்டுக்கொள்ளுங்கள். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய் நில்லுங்கள். பகலில் அது நிறையத் தூங்கட்டும். இந்த வயதில் ஒரு நாளில் 18 மணி நேரமாவது தூங்க வேண்டிய உயிர் அது. பிள்ளைகள் தூங்கவிடாமல் கொஞ்சுவதால்தான் பல வீடுகளில் குட்டி சாயங்காலம் வெறிபிடித்தது போல் ஓடிக் கடிக்கிறது.

வெறுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அது பாவமில்லை. பெற்ற குழந்தையிடமே சில தாய்மாருக்கு முதல் வாரங்களில் இந்த மனச்சோர்வு வருகிறது. வெறுப்பு வந்த நேரத்திலும் எழுந்து போய் அதற்குத் தண்ணீர் வைத்தீர்களா இல்லையா? அதைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். பாசம் முதல் நாளே வந்துவிட வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் கேட்கவில்லை. தினமும் ஒரே நேரத்தில் சோறு வைத்து, ஒரே நேரத்தில் சுத்தம் செய்யும்போது நமக்கே தெரியாமல் ஊறுவது அது.

திருப்பிக் கொடுப்பது பற்றி: தடுப்பூசிகள் முடிகிற வரைக்கும், அதாவது குட்டிக்கு 16 வாரம் ஆகிற வரைக்கும் பொறுத்துப் பாருங்கள். அதற்குள் இரவு அழுகை பெரும்பாலும் அடங்கிவிடும். அப்போதும் உங்கள் உடம்போ குடும்பமோ தாங்காது என்றால், நல்ல மனிதர்களைத் தேடி அவர்கள் கையில் ஒப்படைப்பது கைவிடுவது ஆகாது. பின்சந்தில் இறக்கிவிட்டுப் போவதுதான் தருமர் சொன்ன பாவம்.

கேள்வி: எதிர்வீட்டில் பாய் குடும்பம். இருபது வருஷப் பழக்கம். நோன்புக் கஞ்சி அங்கிருந்து வரும், தீபாவளிப் பலகாரம் இங்கிருந்து போகும். குட்டி வந்த பிறகு ராத்தா எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. எங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. எப்படி நடந்துகொள்வது?
அதே வாசகி

பதில்: இதை நீங்கள் கேட்டதற்கு உங்களை வாழ்த்துகிறேன். குட்டி வளர்ப்பவர்கள் பலர் இதை யோசிப்பதே இல்லை.

மலேசிய முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். இங்கே இதைச் செர்த்து என்பார்கள். தொழுகைக்குப் போகிறவருக்கு இது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று நினைத்துப் பாருங்கள். ராத்தா வராதது உங்கள் மேல் உள்ள கோபமாக இருக்க வேண்டியதில்லை. தன் வணக்கத்தைக் காத்துக்கொள்கிறார். வேறு மத்ஹபில் வேறு கருத்து உண்டு என்று அவருக்குப் பாடம் எடுப்பது நம் வேலையில்லை.

2014 அக்டோபரில் பண்டார் உத்தாமாவில் சையத் அஸ்மி என்ற முஸ்லிம் இளைஞர், நாயைத் தொட்டுப் பார்க்க விரும்புவோருக்காக ஒரு நிகழ்ச்சி நடத்தினார். பயம் தெளியட்டும் என்பது அவர் நோக்கம். தொட்ட பிறகு எப்படிச் செர்த்து செய்வது என்றும் அங்கே காட்டினார்கள். ஆர்வத்தோடு பலர் வந்தார்கள். எதிர்ப்பும் கடுமையாக எழுந்தது. இந்த நாட்டில் இது எவ்வளவு ஆழமான உணர்வு என்பதற்கு அது சாட்சி. அவர்களாக விரும்பி வந்து தொட்டால் அது அவர்கள் முடிவு. நாம் அவர்கள் பிள்ளைகள் கையில் குட்டியைத் திணிக்கக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியவை இவை. பொது மாடிப்படியில் குட்டியை இறக்கி நடத்தாதீர்கள். மூடிய கூடையில் தூக்கிக்கொண்டு போங்கள். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் விடவே கூடாது என்பதால் இது அதற்கும் நல்லது. பார்வோ நோய் ஒரு பக்கம் என்றால், நம் பின்சந்துகளில் எலி அதிகம், எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் நாயையும் கொல்லும். நடையில் சொட்டு ஈரம் பட்டாலும் உடனே கழுவிவிடுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் மஸ்ஜித் இந்தியா வாசல் முழுவதும் ஆட்கள் இருப்பார்கள், அந்த நேரத்தில் கூடையோடும் இறங்காதீர்கள். கிளினிக் போவதை வேறு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தம் பழகுவதற்கு ஜன்னலோரம் மடியில் வைத்துக்கொண்டால் போதும். பாங்கொலி, லாரி, சனிக்கிழமை இரவுச் சந்தை எல்லாம் அங்கிருந்தே கேட்கும். மூன்றரை மாதத்துக்குள் கேட்டுப் பழகிய சத்தத்துக்குப் பெரும்பாலும் பிறகு பயப்படாது. கோலாலம்பூரில் நாய்க்கு மாநகராட்சியின் லைசென்ஸ் கட்டாயம். கட்டடத்தில் நாய் வைக்க அனுமதி உண்டா என்றும் கேட்டு இரண்டையும் முறைப்படி முடித்துவிடுங்கள்.

பிறகு நீங்களே ராத்தா வீட்டு வாசலுக்குப் போய்ப் பேசுங்கள். குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டு போங்கள். ‘நீங்கள் இங்கே வரச் சங்கடம் என்றால் நான் அங்கே வருகிறேன்’ என்று சொல்லுங்கள். இந்தத் தீபாவளிக்குப் பலகாரத்தைக் கடையில் கட்டி வாங்கியே கொடுங்கள், அவர் எந்தத் தயக்கமும் இல்லாமல் வாங்கிக்கொள்ளட்டும்.

உங்கள் மனதுக்காக இன்னொன்றும் சொல்கிறேன். கழுவச் சொன்ன அந்த மார்க்கம் நாயை வெறுக்கச் சொல்லவில்லை. பாவ வாழ்க்கை வாழ்ந்த ஒரு பெண், கிணற்றடியில் தாகத்தால் சாகக் கிடந்த நாய்க்குத் தன் காலணியில் நீர் மொண்டு கொடுத்தாள், அதற்காகவே மன்னிக்கப்பட்டாள் என்று நபிகளார் சொன்னதாக புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. குகைத் தோழர்களின் வாசலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்த நாயைக் குர்ஆனின் அல்கஹ்ஃபு அத்தியாயம் சொல்கிறது.

கேள்வி: பைரவர் வாகனம் என்பதால் எங்கள் குட்டிக்குக் கோயில் பிரசாதம் கொடுக்கிறோம். சரிதானே?
வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: எண்ணம் நல்லது, ஆனால் கொடுக்காதீர்கள். சர்க்கரைப் பொங்கல், கேசரி, பாயசம் மூன்றிலும் உலர்திராட்சை இருக்கும். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், குட்டிக்குக் கொஞ்சமே போதும். தீர்த்தத்தில் பச்சைக் கற்பூரம். புளியோதரையையும் வடையையும் அந்த வயிறு தாங்காது. பசும்பாலும் வேண்டாம், கழிச்சல் வரும். பைரவருக்குச் செய்ய வேண்டுமென்றால் தேய்பிறை அஷ்டமியில் சன்னிதியில் விளக்குப் போடுங்கள். குட்டிக்குக் குட்டியின் தீனியையே கொடுங்கள். அதையே அவர் பெயரைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: குட்டி கடிக்கிறது, வீடெல்லாம் அசிங்கம் செய்கிறது. கோபத்தில் இரண்டு முறை பிரம்பால் அடித்துவிட்டேன். அடித்துத் திருத்தலாமா? அடித்ததற்குப் பரிகாரம் உண்டா?
வாசகர், கிள்ளான்

பதில்: அடிக்கவே கூடாது, தம்பி. மகாபாரதத்தின் தொடக்கத்தில், ஆதி பர்வத்தில், ஒரு நாய்க்குட்டி வருகிறது. ஜனமேஜயன் என்னும் அரசன் குருக்ஷேத்திரத்தில் தம்பிகளோடு நெடிய வேள்வி செய்கிறான். தேவலோக நாயான சரமையின் குட்டி அங்கே வர, தம்பிகள் அதை அடித்து விரட்டுகிறார்கள். குட்டி தாயிடம் போய் அழுகிறது. நீ ஏதாவது தப்பு செய்திருப்பாய் என்கிறாள் தாய். இல்லை, அவிசை நக்கவில்லை, ஏறிட்டும் பார்க்கவில்லை என்கிறது. சரமை வேள்விச் சாலைக்கே வந்து நியாயம் கேட்கிறாள். அரசனும் தம்பிகளும் வாய் திறக்கவில்லை. குற்றம் செய்யாததை அடித்தீர்கள், எதிர்பாராத நேரத்தில் உங்களுக்குப் பயம் வரும் என்று சபிக்கிறாள். அத்தனை பெரிய காவியம் தன் வாசலிலேயே ஒரு குட்டியின் அழுகையை வைத்திருக்கிறது. அதை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் குட்டியும் குற்றம் செய்யவில்லை. அதற்கு அடக்கத் தெரியாது, தாய் இன்னும் முழுதாகக் கற்றுக்கொடுக்கவில்லை. கடிப்பது பழக்கக் கோளாறும் இல்லை. கூடப்பிறந்தவற்றோடு அப்படித்தான் விளையாடியது. நான்கு மாதத்தில் பால்பல் விழத் தொடங்கி ஈறு அரிக்கும்போது இன்னும் கடிக்கும். கடித்தால் விளையாட்டை அங்கேயே நிறுத்தி எழுந்துவிடுங்கள். மெல்லுவதற்கு நனைத்து உறையவைத்த துணியைக் கொடுங்கள். அசிங்கம் செய்த பிறகு திட்டினால் எதற்குத் திட்டு என்று அதற்குப் புரியாது. உங்கள் கண்ணில் படாமல் ஒளிந்து செய்யக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

பரிகாரம் கேட்டீர்கள். சாபத்தைக் கேட்டுக் கலங்கிய ஜனமேஜயன், அதைத் தீர்த்துவைக்கும் புரோகிதரைத் தேடி அலைந்து சோமசிரவஸ் என்பவரைக் கண்டடைந்தான். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். இன்றே பிரம்பை வீட்டை விட்டு வெளியே போடுங்கள். நாளை முதல் குட்டியின் சாப்பாட்டை மனைவியிடம் விடாமல் நீங்களே வையுங்கள். வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருங்கள், தொட முயல வேண்டாம். முதல் சில நாள் உங்களைப் பார்த்துப் பதுங்கும். அது தானாக வந்து உங்கள் கையை முகரும் வரைக்கும் தினமும் இப்படி உட்காருங்கள்.