அந்தக் கையை இழுக்காதீர்கள்

கபடியில் பிடிபட்டு விழுந்த பையன் ஒரு கையை மறுகையால் தாங்கியபடி உட்கார்ந்திருக்கிறான். தோளின் உருட்டு மறைந்து, அந்த இடம் சப்பையாகத் தெரிகிறது. கூட்டத்திலிருந்து ஒருவர், "இறங்கிடுச்சு, பிடிங்கடா, நான் ஏத்தி விடுறேன்" என்று அக்குளில் காலை வைக்கப் போகிறார். தம்பிகளே, அவரைத் தடுத்துவிடுங்கள். பெரியவர் ஆயிற்றே என்று தயங்காதீர்கள்.

உள்ளே எலும்பும் முறிந்திருக்கிறதா என்று வெறுங்கண்ணுக்குத் தெரியாது. முறிந்திருந்தால், நீங்கள் இழுக்கிற இழுப்பில் அது மேலும் விலகும். தோளைச் சுற்றிப் போகும் நரம்பும் அடிபடலாம். துண்டைத் தூளியாகக் கட்டி, கை எப்படி இருக்கிறதோ அப்படியே அழைத்துப் போங்கள். வழியில் டீகூட வேண்டாம். மயக்க மருந்து தேவைப்படலாம். நேரம் ஆக ஆகத் தசை இறுகி, ஏற்றுவது கடினமாகும். விரல் மரத்தாலோ சில்லிட்டாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். மருத்துவர் எக்ஸ்-ரே பார்த்து, வலிக்கு மருந்து கொடுத்து, தசையைத் தளர்த்தி மெல்ல ஏற்றுவார். அதற்கு முரட்டு பலம் தேவையே இல்லை.

ஏற்றியதும் வலி சட்டென்று குறையும். அங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. தூளியை நாலாம் நாளே கழற்றிவிட்டு மறுவாரம் களத்தில் இறங்குகிறார்கள். என்னோடு ஆடிய நண்பன் அப்படித்தான் இறங்கினான். பிறகு தூக்கத்தில் புரண்டாலே தோள் இறங்கியது. இன்றும் பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்க அவன் வலக்கை உயராது.

தோள் மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து கிழிந்த சவ்வு பெரும்பாலும் பழைய இடத்தில் ஒட்டுவதில்லை. இருபது வயதுக்குள் மோதி ஆடுகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மறுபடி இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் எலும்பு தேய்கிறது. ஆகவே எம்.ஆர்.ஐ. எடுத்து, அறுவை வேண்டுமா என்று கேளுங்கள். கிழிந்ததைச் சிறு துளை வழியே தைக்கலாம். 1923-இல் அறுவை மருத்துவர் பாங்கார்ட் விளக்கிய காயம்தான் இந்தக் கிழிசல். எலும்பு அதிகம் தேய்ந்திருந்தால், பக்கத்து எலும்புத் துண்டை எடுத்து முன்புறம் திருகி வைக்கும் லத்தார்ஜே முறை உண்டு. எல்லாருக்கும் கத்தி தேவையில்லை. பலருக்கு சில வாரத் தூளியும், விடாத பிசியோதெரபியும் போதும். நாற்பதைத் தாண்டியவருக்குக் கவலை வேறு: ஏற்றிய பிறகும் கை தூக்க வரவில்லையென்றால் தசைநாண் அறுந்திருக்கலாம். உடனே ஸ்கேன் பாருங்கள்.

கேப்டன்களே, மருத்துவர் சம்மதிக்கும் வரை தோள் இறங்கியவன் பெயரை அணியில் எழுதாதீர்கள். இறுதி ஆட்டமே ஆனாலும், அவனே வந்து கெஞ்சினாலும்.