சராசரி சொல்லும் பொய்

காற்று எல்லார்க்கும் பொது என்பர். பொதுதானா தோழர்களே?

2.5 மைக்ரானும் அதனினும் சிறியதுமான நுண்துகள், தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. கண்ணுக்குப் புலப்படாது, ஆனால், நுரையீரலின் ஆழம்வரை செல்லும், குருதியிலும் கலக்கும். ஒரு கன மீட்டர் காற்றில் அதன் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்று உலக நலவாழ்வு அமைப்பு 2021-இல் கூறிற்று. இந்திய அரசு 2009-இல் வகுத்த வரம்போ 40!

சென்னை முழுமைக்கும் ஒரே எண்ணைச் சொல்லி மன அமைதி கொள்வோர் உண்டு. அந்த எண், அனல்மின் நிலையங்களின் அருகே வாழும் எண்ணூரையும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நிற்கும் மணலியையும், மரநிழல் சூழ்ந்த அடையாற்றையும் ஒன்றெனக் காட்டும். பகுதிதோறும் கருவி வைத்து அளந்து, வரைபடம் தீட்டினால்தான், எவர் வீட்டு விளக்குக்காக எவர் புகை குடிக்கிறார் என்பது விளங்கும்.

அளந்தால் மாசு குறையுமா? குறையாது, பொய் குறையும். பிள்ளையின் மூச்சிரைப்பைக் கண்டு, "தலைவிதி" என்று அழுகிறாள் தாய். வரைபடம் விதியைக் காட்டாது. புகைபோக்கி இருக்கும் திசையைக் காட்டும். திசை தெரிந்தபின்னும் வாய்மூடி இருப்போமானால், அது அறியாமை அன்று. அநீதிக்கு நாம் தரும் ஒப்புதல்.

அளப்போம்! அறிவோம்! கணக்குக் கேட்போம்!