இயற்கையும் இல்லமும்: ஊவா மலைகளை முன்வைத்து ஒரு நோக்கு

வீடு என்பது வெயிலையும் மழையையும் தடுக்கும் சுவர்களின் தொகுதி மாத்திரமன்று. தன்னைச் சூழ்ந்துள்ள இயற்கையோடு மனிதன் எத்தகைய உறவு பூண விழைகிறான் என்பதைப் புலப்படுத்துவதும் அதுவேயாகும். மலைச்சாரலிலும் வாவிக்கரையிலும் இல்லம் அமைப்போர் இயற்கையை வீட்டினுள் அழைப்பது பற்றிப் பேசுவர். அகன்ற சாளரம், திறந்த முற்றம், மரத்தை வெட்டாது விலகிச் செல்லும் சுவர் என்பன அவர் வகுக்கும் இலக்கணங்கள். இவ்விலக்கணம் போற்றற்குரியதே, ஆயின், அது முழுமையானதா? இயற்கையின் நடுவே வாழ்வதும் இயற்கையோடு இயைந்து வாழ்வதும் ஒன்றுதானா? பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களை நோக்குவோர் இவ்வினாவைத் தவிர்த்துச் செல்லுதல் இயலாது.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது. மரமும் மாவும் உணவும் தொழிலும் கருப்பொருளாயின. மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருளாயிற்று. இப்பாகுபாடு செய்யுளுக்கு உரியதெனினும், அதனுள் வாழ்வு பற்றிய ஓர் உண்மையும் பொதிந்துள்ளது. நிலத்தைக் கண்டு மகிழ்வதோடு மனிதன் அமைவதில்லை. அதில் உழைத்து, உண்டு, அன்பு செய்து வேர்கொள்கிறான். ஜெர்மானிய மெய்யியலாளர் மார்ட்டின் ஹைடெக்கரும் 1951இல் ஆற்றிய உரையொன்றில், கட்டுதல் என்பது குடியிருத்தலினின்றே பிறக்கின்றது என வாதித்தார். எனவே, ஒரு வீடு எத்துணை அழகியது என்று வினவுமுன், அதில் வாழ்வோர் மெய்யாகவே குடியிருக்கின்றனரா என்று வினவுதல் தகும்.

நம் நாட்டில் இத்துறையில் முதலில் நினைக்கப்படுபவர் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா (1919–2003). பெந்தோட்டைக்கு அண்மையில், தெத்துவ வாவிக்கரையிலிருந்த றப்பர்த் தோட்டமொன்றை 1940களின் இறுதியில் வாங்கிய அவர், அதனை லுணுகங்கை என்னும் இல்லமாகவும் சோலையாகவும் பல பத்தாண்டுகள் உருவாக்கினார். தொலைவிலுள்ள நீரும் விகாரையும் கண்ணுக்குப் புலனாகும்பொருட்டு ஒரு குன்றின் முகட்டையே அவர் தாழ்த்தினார் என்பர். அங்கு வீடு எங்கு முடிகிறது, தோட்டம் எங்குத் தொடங்குகிறது எனப் பிரித்தறிதல் கடினம். அவ்வழகுக்கு அவரது கலைத்திறன் காரணமாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆயின், மண் தமதாயிருந்தமையும், நட்ட மரம் வளரும்வரை காத்திருக்கும் உறுதி இருந்தமையும் அத்திறனுக்கு நிலைக்களமாயின.

ஏறத்தாழ அதே காலத்தில், அதாவது 1948இல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. ஊவா மலைகளில் அவர்கள் வாழ்ந்த இடம் லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்பதே அதன் அமைப்பு. இரட்டை லயத்தில் ஒரு காம்பராவின் பின்சுவர் மற்றொரு காம்பராவின் பின்சுவரேயாதலின், அங்குப் பின்சாளரத்துக்கு இடமில்லை. அடுப்புப் புகை வந்த வழியே வெளியேற வேண்டியதாயிற்று.

அப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டுவித்த அடிசம் மாளிகை, இங்கிலாந்தின் லீட்ஸ் கோட்டையை மாதிரியாகக் கொண்டது. இன்று துறவிகளின் மடமாக உள்ளது. அதன் சாளரங்கள் மலையையும் பள்ளத்தாக்கையும் நோக்குவன. அம்மாளிகையும் லயமும் நின்றது ஒரே மலையில். அவற்றில் வாழ்ந்தோர் நுகர்ந்ததும் ஒரே மழை, ஒரே பனி. ஆடி ஆவணியில் வீசும் வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த மணத்தைத் தருவது. லயத்தில் இருப்பவனுக்கோ அது தகரக் கூரையைப் பெயர்க்க வரும் காற்று.

இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. தம்பேதன்னைக்கு மேலுள்ள லிப்டன் சீட்டில் நின்று பயணிகள் இயற்கையழகு என வியக்கும் பசுமை, பெரிதும் மனிதக் கை படைத்த பசுமையாகும். காடழித்துக் கோப்பியும், அது நோயால் அழிந்தபின் தேயிலையும் நட்டு, சரிவெங்கும் கான்வெட்டி அம்மலைக்கு இன்றைய வடிவைத் தந்தோர் தொழிலாளரே. காட்சியைப் படைத்தவருக்கே அதனைக் காணும் சாளரம் மறுக்கப்பட்டது.

காட்சி மறுக்கப்பட்டது ஒருபுறமிருக்க, இயற்கையின் சீற்றமோ அவரை முதலில் தேடி வந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானதென 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, பெயர்ந்து செல்வதற்குச் சொந்தமென ஒரு துண்டு நிலம் அம்மக்களுக்கு இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையிலும் பதுளை மாவட்டத்தின் மலைகள் பல இடங்களிற் சரிந்தன.

கூரை ஒழுகும் இடத்தில் அழகு பற்றிப் பேசுதல் ஆடம்பரமன்றோ எனச் சிலர் வினவலாம். உறுதியான கூரை முதற்கடமை என்பதை எவரும் மறுக்கார். எனினும், ஏழைக்கு அழகுணர்ச்சி பின்னரே வரும் என்பது அவனை அறியாதார் கூற்று. லயத்து இஸ்தோப்பின் ஓரத்திற் பழைய தகரப் பேணிகளில் வளரும் பூச்செடிகளையும், லயத்தின் பின்னே சிறு பாத்திகளில் விளையும் போஞ்சியையும் கோவாவையும் கண்டோர் அங்ஙனம் கூறார். வேலை நீங்கின் வீடும் நீங்கும் என்ற அச்சத்தின் நடுவிலும் அவர்கள் மண்ணோடு உறவு தேடினர். பூச்செடி ஒரு பருவத்திற்குரியது. பலாக்கன்று நடுபவனோ தன் பேரன் அதன் சுளையை உண்பான் என நம்புபவன். அந்நம்பிக்கைக்கு நிலவுரிமை இன்றியமையாதது. மண் தனதென்றறிந்தவனுக்கே அதன் கானைத் துப்புரவாக்கவும், சரிவு கரையாது புல் நடவும் மனம் முழுமையாக இசையும்.

அண்மைக் காலத்தில் இந்திய உதவியோடு மலையகத்தில் எழுந்த தனிவீடுகள் இவ்வகையில் ஒரு தொடக்கமாகும். முதலில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே மாதத்தில் மேலும் 10,000 அறிவிக்கப்பட்டன. தொடக்கத்தில் 7 பேர்ச் நிலத்தில் 550 சதுர அடி வீடு என்பது அதன் அளவாயிருந்தது. கணக்கிட்டு நோக்கின், அவ்வளவில் வீடு போக ஏறத்தாழ 1,350 சதுர அடி மண் எஞ்சும். அம்மண்ணே ஒரு குடும்பத்தின் முற்றமும் தோட்டமும் நிழலும் ஆகும். ஆயினும், சமவெளிக்கு வரைந்த படத்தை மலையில் அப்படியே இறக்குதல் போதாது. சரிவை ஆழ வெட்டாது படிப்படியாக அமைத்தல், மழைநீருக்கு வழிவிடல், காற்றின் திசையறிந்து சாளரம் வைத்தல், எங்கு வீடு வேண்டுமென அங்கு வாழ்வோரையே கேட்டல் ஆகிய இவற்றிலேயே உண்மையான கட்டடக்கலை தொடங்குகிறது.

ஆகவே, இயற்கையோடு இயைந்த இல்லத்துக்கு மூன்று தகுதிகள் வேண்டும் எனலாம். அது இயற்கையின் சீற்றத்தினின்று காக்க வேண்டும். இயற்கையைத் துய்க்க இடந்தர வேண்டும். அதனைப் பேணும் பொறுப்பையும் உரிமையையும் வாழ்வோரிடம் ஒப்படைக்க வேண்டும். முதலிரண்டையும் பொருளும் கலையும் தரலாம். மூன்றாவதை ஒரு சமுதாயத்தின் நீதியுணர்வே தரவல்லது. நாளைய கட்டடக்கலைஞராயும் பொறியியலாளராயும் நிருவாகியாயும் வெளியேறவிருக்கும் பல்கலைக்கழக மாணவர், மலையில் ஒரு வீட்டை வரையுமுன், அவ்வீட்டு வாசலில் மரம் நடப்போகிறவருக்கு அம்மண் உரியதா என்று கேட்கும் வழக்கத்தைக் கைக்கொள்வாராக.