கோபுர வாசலில் ஒரு நொடி

வைகாசி கருட சேவையன்று விடியற்காலையில் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் கோபுர வாசலில் ஒரு வழக்கம் உண்டு. கருடன்மேல் எழுந்தருளும் பெருமாளைக் கணநேரம் குடைகளால் மறைப்பார்கள். நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் கைகள் தலைக்குமேல் குவிந்தபடி காத்திருக்கும். குடை விலகியதும் ‘வரதா!’ என்று குரல் எழும்.

சோளிங்கரில் வாழ்ந்த தொட்டையாச்சாரியார் ஆண்டு தவறாமல் இந்தச் சேவைக்கு வந்தவர். தள்ளாமையால் வர முடியாமல் போன ஓர் ஆண்டு, தன் ஊரின் தக்கான் குளக்கரையில் நின்று ஏங்கினார். குடை மறைக்கும் அந்த நொடியில் பெருமாள் அவரிடம் போய்க் காட்சி கொடுத்துவிட்டு வருகிறார் என்பது ஐதீகம்.

2020 வைகாசியில், கொரோனா ஊரடங்கால் சேவைக்கு வர முடியாமல், ஊரே தொட்டையாச்சாரியார் ஆகிவிட்டது.

அதற்கு முந்தைய ஆண்டுதான், அதே கோயிலின் குளத்திலிருந்து எழுந்தருளிய அத்திவரதரைச் சேவிக்க ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்துபோனார்கள். நெரிசலில் உயிர்களும் போயின. கூட்டம் என்ன செய்யும் என்று காஞ்சிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அதனால், 2020 மார்ச்சில் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் பக்தர்களுக்கு மூடப்பட்டபோது பெரும்பாலோர் பொறுத்துக்கொண்டார்கள். கோயில்களுக்குள் நித்திய பூஜை நடந்தது. மே 4 அன்று மதுரை மீனாட்சி திருக்கல்யாணத்தை நேரலையில் பார்த்தபடி, பெண்கள் வீட்டிலேயே தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள்.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. வழிபாட்டு உரிமை தரும் அரசியலமைப்பின் 25-வது பிரிவே, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்றுதான் தொடங்குகிறது.

மனம் புண்பட்டது வேறோர் இடத்தில். மே 7 அன்று டாஸ்மாக் கடைகள் திறந்தன. உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதிக்க, சில நாளில் மறுபடி திறந்தன. கிராமப்புறச் சிறு கோயில்கள் ஜூலையில் திறந்தன. பெரிய கோயில்களின் கதவு திறக்கச் செப்டம்பர் 1 ஆனது. சன்னதித் தெருப் பூக்கடைக்கும், தரிசனம் முடித்துப் புடவை எடுக்க வருபவர்களை நம்பிய பட்டுக் கடைக்கும், அந்தக் கடைக்காகப் பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டவருக்கும் இந்த இடைவெளி நாள்கணக்கு அல்ல, சோற்றுக்கணக்கு. 2021 ஆகஸ்டில் வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் கோயில்கள் மூடப்பட்டபோது, வெள்ளிதோறும் காமாட்சியம்மனிடம் போகிறவர்களுக்கும் அதே கேள்வி எழுந்தது: கடைத்தெருவுக்கு ஒரு நியாயம், கோயிலுக்கு ஒரு நியாயமா?

அமெரிக்காவிலும் இந்தக் கேள்விதான் உச்ச நீதிமன்றம்வரை போனது. சில பகுதிகளின் வழிபாட்டிடங்களில் 10 பேர், 25 பேர் என்று நியூயார்க் மாநிலம் விதித்த வரம்பை 2020 நவம்பரில் 5–4 என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. மதுக்கடை அத்தியாவசியமாகவும் வழிபாடு அப்படியல்லாததாகவும் ஆனது எப்படி என்று நீதிபதி நீல் கோர்சுச் கேட்டார். மூடிய அறையில் வெகுநேரம் சேர்ந்திருந்து பாடுவதும் கடையில் சாமான் வாங்கிப் போவதும் ஒன்றல்ல என்பது எதிர்த்தரப்பின் வாதம். அதுவும் சரியான வாதமே. அப்படியென்றால் அந்தக் காரணத்தை அரசு மக்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். காற்றோட்டமான பிராகாரத்துக்கு ஓர் அளவும் அடைத்த மண்டபத்துக்கு ஓர் அளவும் வகுக்க வேண்டும். காரணம் சொல்லாமல் சாத்திய கதவுதான் வலித்தது.

2022 வைகாசியில் கருடன் மறுபடி வீதிக்கு வந்தது. கோபுர வாசலில் குடைகள் மறைத்தன, விலகின. இடையில் வந்த தொற்றில் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் கைகுவித்து நின்றிருப்பார்கள்.