பொறுமையை யாருக்குச் சொல்வது?

இரயில் வண்டி மணிக்கணக்கில் தாமதமாகும்போது, "பொறுமையாயிருங்கள்" என்பதே பயணிகள் முதலில் கேட்கும் அறிவுரை. அதனை யார், யாருக்குக் கூறலாம் என்பதே ஈண்டு எழும் வினா.

2011இல் தொடங்கப்பெற்ற விவேக் எக்ஸ்பிரஸ், திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி வரை 4,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது. பயணம் மூன்று நாள்களைக் கடக்கும். இத்தகைய நெடுவழியில் ஓரிடத்துத் தடங்கல் அடுத்த நிலையங்களிலும் தொடரும். நேரந் தவறிய வண்டி தன் முறையை இழந்து, பிற வண்டிகளுக்கு வழிவிட்டு நிற்கும். மூடுபனியில் மெல்லச் செல்வதோ உயிர் காக்கும் கடமை. அங்கே பொறுமை அறமே.

ஆனால், தாமதத்தின் சுமை எல்லார்மீதும் ஒன்றுபோல் விழுவதில்லை. ஏறும் நிலையத்தில் வண்டி 3 மணி நேரத்திற்கு மேல் தாமதித்தால், பயணத்தைக் கைவிடுபவர், அது புறப்படுமுன் விண்ணப்பித்து முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம். நல்ல விதிதான். எனினும், தந்தையின் ஜனாஸாவுக்கு விரையும் மகன் பயணத்தை எங்ஙனம் கைவிடுவான்? அவனுக்குப் பணம் ஈடாகாது. "இதோ வந்துவிடும்" என்னும் பொய்யோ, வேறு வழி தேடும் வாய்ப்பையும் பறித்துவிடும்.

ஸபுர் என்பது தன் இழப்பைத் தாங்கும் வலிமை. பிறர் இழப்பை அவர் மறக்க வேண்டுமென இடும் ஆணையன்று. ஆகவே, வண்டியை நடத்துவோர் உண்மை நேரத்தை உரைக்கட்டும். உடன் காத்திருப்போர் முதியவருக்கு இடமும், பசித்த குழந்தைக்கு உணவில் ஒரு பங்கும் ஈயட்டும். பொறுமையை நமக்கு நாமே விதித்துக்கொள்வோம். பிறருக்கு உண்மையையும் உதவியையும் அளிப்போம்.